திடலில் மறுபடி முளைத்த கருவை

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் திடல் தெரியும். இந்தப் பக்கத்து ஊர்களில் மலை, குன்று என்று எதுவும் இல்லை. ஓர் ஆள் உயரத்துக்கு மண் மேடாக இருந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய உயரம். ஐப்பசியில் மழை பிடித்துச் சம்பா வயல்களெல்லாம் தண்ணீராக நிற்கும்போது, எங்கள் விழிதியூரில் ஆடுகள் கால் நனையாமல் மேய அந்தத் திடலை விட்டால் வேறு இடம் கிடையாது. என்னிடம் பதினெட்டு செம்மறி ஆடுகள் இருக்கின்றன. நாலைந்து நாள் சேற்றில் நின்றால் குளம்பு அழுகி நொண்டத் தொடங்கிவிடும்.

அந்தத் திடலைச் சீமைக்கருவை கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிட்டது. கடைசியில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகிற ஒரு தடம்தான் மிச்சம் இருந்தது. போன வருடம் ஒரு பெட்டை ஆட்டுக்கு முள் குத்தி ஒரு கண் போனது. அதனால் இந்த வருடம் ஆனியில் பொக்லைன் வண்டி வந்தபோது ஊரில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

வண்டியை வரவழைத்தவர் ஊர்க் காரியங்களை முன்னின்று பார்ப்பவர். எனக்கு முறையில் மாமா. வெட்டினால் நாலாகத் தழையும், தூரோடு எடுக்க வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். வண்டி ஓட்டியவர் வெளியூர்க்காரர், முப்பது வயது இருக்கும். பக்கெட்டின் பற்களை வேருக்கு அடியில் கொடுத்து ஒரு உந்து உந்துவார். மரம் மண்ணோடு சரிந்து வரும். மூன்று நாள் வேலை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடுதான் கிட்டே என்பதால் தூக்கில் டீ கொண்டு போவது என் பொறுப்பானது.

இரண்டாம் நாள் டீ கொண்டு போனபோது, சரிந்து கிடந்த மரங்களிலிருந்து முற்றிக் காய்ந்த நெற்றுக்காய்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். கோடையில் புல் இல்லாத காலத்தில் கருவை நெற்றுதான் ஆடுகளுக்குத் தீனி. மூன்று சாக்கு தேறியது. வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

“நெத்து ஆட்டுக்கா, அக்கா?”

தலையை ஆட்டினேன்.

“போடுங்க. ஆனா நெத்து தின்ன ஆட்டை இந்தத் திடல் மேல ஏத்திடாதீங்க. வெதை செரிக்காது. புழுக்கையில அப்படியே வெளிய வந்துடும். ஒரு மழை போதும், நான் மூணு நாள் பட்ட பாடு வீணாயிடும். மத்தவங்ககிட்டயும் சொல்லி வைங்க.”

சரி என்றேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அன்று சாயங்காலம் மாமா வந்து திடலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், கூட ஆட்கள் இருந்தார்கள். நான் சொல்லவில்லை. வராத பேச்சு மட்டும் காரணம் இல்லை. சொன்னால் ஆட்டையே திடலில் ஏற்றாதே என்று விடுவார்களோ என்று பயம். என் வீட்டுக்காரர் காரைக்காலில் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறார். அவரிடம் மட்டும் கேட்டேன்.

“தின்னது செரிக்காமப் போவுமா? அவரு என்ன ஆட்டு டாக்டரா? சும்மா இரு” என்றார்.

சும்மா இருந்தேன். காலையில் நெற்றைப் போட்டேன், பத்து மணிக்கு ஆடுகளைத் திடலுக்கு ஓட்டினேன். ஆடி முழுக்க அப்படித்தான் நடந்தது.

ஆவணியில் இரண்டு மழை பெய்தது. அடுத்த வாரம் திடலில் ஆடுகள் படுக்கிற இடத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். புழுக்கை கரைந்த இடத்திலெல்லாம் கருவைக் கன்றுகள், விரல் நீளம், நெருக்கமாக. ஆடுகள் எப்படிப் படுத்திருந்தனவோ அந்த வட்டம் அப்படியே முளைத்திருந்தது.

அன்றிலிருந்து விடிந்ததும் திடலுக்குப் போய்ப் பிடுங்கினேன். ஈரம் இருந்தால் வேரோடு வரும், காய்ந்தால் களைக்கொத்தி வேண்டும். பிடுங்கியதைக் கீழே போட பயம். மடியில் கட்டி எடுத்துவந்து அடுப்பில் போட்டேன். நூறு பிடுங்கினால் மறுநாள் வேறு இடத்தில் அறுபது நிற்கும். சோறு வடிக்கும்போதும் கண் கொல்லைப் பக்கமே போகும். யாராவது திடலில் ஏறினால் கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள். “என்னக்கா, தெனமும் திடல்ல குனிஞ்சே கெடக்குறீங்க? தோடு கீடு தொலைச்சிட்டீங்களா?”

“இல்ல, கீரை.”

“எங்களுக்கும் ஒரு பிடி கொடுங்களேன். தனியாவே தின்னு தீக்குறீங்க.”

சிரித்து மழுப்பினேன்.

புரட்டாசியில் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். எழுந்து போவதற்குள் மாமா கன்றுகளைப் பார்த்துவிட்டார். தூர் சரியாக எடுக்கவில்லை என்று வண்டிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் பைக்கில் வந்தார். திடலுக்குக் கீழே ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நான் ஆடுகளோடு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“தூரோட எடுக்கச் சொன்னா மேலாப்புல பிடுங்கிட்டுப் போயிட்டியேப்பா” என்றார் மாமா. “பாரு, எத்தனை கன்னு. வண்டியக் கொண்டாந்து திடலை மறுபடியும் ஒரு முழம் தோண்டிக் கொடு. இல்லன்னா சுத்துப்பட்டு ஊர்ல ஒருத்தரும் உன்னைக் கூப்பிடாத மாதிரி பண்ணிடுவேன்.”

வண்டிக்காரர் ஒரு கன்றைப் பிடுங்கிக் காட்டினார். “தூர்ல வந்தா தடியா தழையும் ஐயா. இது வெதையில வந்த கன்னு.”

“வெதை எங்கேருந்து வந்துச்சு? நீ வெதைச்சியா, நான் வெதைச்சேனா?”

எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்காரர் ஒரே ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பெயரை எடுக்கவில்லை. மழை வரப்போகிற நேரத்தில் திடலைத் தோண்டினால் அது சேறாகிவிடும், ஆடுகளுக்கு இடம் போய்விடும். நான் சொன்னாலும் இடம் போய்விடலாம். இப்படியே இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பைக் சாவியை எடுத்தார்.

“ஆடு” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாமா திரும்பினார்.

“என்னம்மா?”

“என் ஆடுதான் மாமா. நெத்து போட்டேன். புழுக்கையில வந்து முளைச்சிருக்கு. ஏத்தாதீங்கன்னு இவங்க அன்னைக்கே சொன்னாங்க, எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல.”

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அதான் கீரையா?”

மாமாவுக்கு முகம் சிவந்தது. “அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு டீயோட முடிஞ்சிருக்கும். இப்ப இந்தத் தம்பிய நிக்க வெச்சுக் கேட்டுட்டேன்.” வண்டிக்காரரிடம், “மனசுல வெச்சுக்காதப்பா” என்றார். ஒருத்தர் ஆட்டை ஏற்றவே கூடாது என்றார். “அப்ப மழையில பதினெட்டையும் எங்க வெச்சுக்குவாங்க, தலையிலயா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

கடைசியில் இப்படி முடிவானது. நெற்று போடக் கூடாது. பத்து நாள் வைக்கோல் மட்டும் போட்டுக் கட்டி வைத்து வயிறு காலியான பிறகு ஏற்றலாம், வடக்குப் பாதியில் மட்டும். வெள்ளிக்கிழமை தோறும் மாமா வந்து பார்ப்பார். புதிதாகக் கன்று தெரிந்தால் ஆடுகளை இறக்கிவிட வேண்டும்.

வண்டிக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “இன்னைக்கு டீ இல்லீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கேலியா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது ஐப்பசி. மூன்று நாளாக மழை. வயலெல்லாம் தண்ணீர், ஆடுகள் திடலின் வடக்குப் பாதியில் நிற்கின்றன. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவற்றின் கால்களுக்கு நடுவே குனிந்து தேடுகிறேன். பழைய விதையா புதிய விதையா என்று மண் சொல்லாது. இன்று காலை ஒன்று கிடைத்தது, இரண்டே இலை. கை தானாக மடிக்குப் போனது. பிறகு அதை ஒளிக்காமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. குடையோடு மாமா வாய்க்கால் பாலத்தில் வருவது தெரிகிறது. ஆடுகளை இறக்கச் சொல்வாரா, தெரியவில்லை.