நான் நனைக்காத முளைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் மரம் பதனிடும் கூடம் ஒன்றில் நான் ஆய்வாளனாக இருந்தேன். மா, இலவு முதலிய மென்மரப் பலகைகளை நீண்ட இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, மருந்துக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். பூஞ்சை பிடித்து இரண்டு மழையில் உளுத்துப்போகும் மரம் அதன்பின் பல்லாண்டு நிற்கும். மருந்து ஏறியதா என்று பார்ப்பது என் வேலை.

பத்துப் பலகைக்கு ஒன்றை எடுத்து, குழல்போன்ற துளைக்கருவியால் குடைவேன். பென்சில் பருமனில் ஒரு மரத்துண்டு வெளிவரும். அதில் சாயம் தடவினால், மருந்து சென்ற ஆழம்வரை நீலம் காட்டும். மருந்து மரத்தின் நடுவரை செல்வதில்லை. விரற்கடை ஆழத்துக்குக் கவசம்போல் சூழ்ந்து நிற்கும், அவ்வளவே. உள்ளே இருப்பது வெறும் மரம். ஆகவே கவசத்தில் நான் இட்ட துளையை, மருந்தில் ஒருநாள் முழுதும் ஊறிய மரமுளையை அறைந்து நானே அடைத்தாக வேண்டும். இப்போது மருந்தை நுண்ணிய கூடுகளில் அடைத்து மரத்துக்குள் வைக்கிறார்களாம். ஈரம் புகுந்தால் கூடு கசிந்து மருந்தை விடுமாம். எங்கள் காலத்தில் அந்தத் துளைக்கு ஊறிய முளை ஒன்றே காவல்.

அந்த முளையைத் தொட்டால் விரல்கள் பாசி நிறமாகும். மூன்று நாள் போகாது. உருளையை இயக்கியவர் ஏரல் பக்கத்துக்காரர். என்னிலும் பத்து வயது மூத்தவர். அவரை அண்ணாச்சி என்பேன். ஒருநாள் என் கையைப் பார்த்து, "சாருக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டாம்லா, கீரை விக்கிறவருன்னு நெனச்சிருவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இலக்கணம் கற்ற கை, அறிக்கைகளைச் செப்பமாகப் படியெடுக்கும் கை என்று எனக்குள் ஒரு செருக்கு இருந்தது. மறுநாள் முதல் தச்சுக்கொட்டகையில் கிடந்த உலர்ந்த முளைகளையே அறைந்தேன். மேலே இழைத்துவிட்டால் யாருக்கும் வேறுபாடு தெரியாது.

தோணிகளுக்குச் சரக்கேற்றும் மரமேடை ஒன்றுக்கு அந்தப் பலகைகள் சென்றன. இரண்டு மழைக்காலம் கழிந்தபின், உப்பு மூட்டையோடு நடந்த ஒருவரின் கால் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கியது. எலும்பு முறியவில்லை, தோல் முழுதும் உரிந்திருந்தது. மேலாளரும் நானும் போய்ப் பார்த்தோம். குனிந்து கத்திமுனையால் குத்தினேன். மரம் எங்கும் கல்லாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஈரமான ரொட்டிபோல் கத்தி இறங்கியது. அந்த இடத்தின் நடுவில் என் முளை இருந்தது. அடுத்துக் கெட்டிருந்த பலகையிலும் அப்படியே. மூன்றாவதிலும்.

"மருந்து ஏறலையா?" என்றார், பின்னால் நின்ற மேலாளர்.

"ஏறவில்லை போலிருக்கிறது" என்றேன்.

அழுத்தம் முழுமையாகுமுன் உருளையைத் திறந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார். அப்பலகைகள் நீலம் காட்டியதை என் கையாலேயே குறித்த ஏடு மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் கேட்கவில்லை, நான் எடுக்கவில்லை. அந்த வாரமே அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் என் அறைக்கு வந்தார். மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அழுத்த மீட்டர் முள்ளு கோட்டத் தொடாம நான் ஒருநாளும் உருளையத் தெறந்ததில்ல சார்."

"தெரியும் அண்ணாச்சி."

"ஒங்களுக்குத் தெரியும்லா, அது போதும். நீங்க எளுதுனா மானேசர் மனசு எளகிரும்."

எழுதினேன். ஒருமுறையன்று, மூன்று முறை. ஒரு வாக்கியத்தின் நடை இடறியதால் முதற்படியைக் கிழித்தேன். இரண்டாவதில் ஒரு வடசொல் உறுத்தியது. பதினொரு ஆண்டு உழைப்பையும் மூன்று குழந்தைகளையும் குறிப்பிட்டு, "நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்று முடித்தேன். நீதி கேட்டிருக்க வேண்டியவர் சார்பில் இரக்கம் கேட்டேன். நீதி கேட்டிருந்தால், பிழை யாருடையது என்ற வினா எழுந்திருக்கும்.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். இறுதி வரியில் நின்றார்.

"பிழைன்னு போடணுமா சார்? நான் ஒண்ணும் செய்யலியே."

"விண்ணப்பம் என்றால் அப்படித்தான் எழுதுவது மரபு" என்றேன்.

மரபென்றால் சரி என்று கையெழுத்திட்டார். போகும்போது இரு கைகூப்பினார்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் என்னை அழைத்தார். விண்ணப்பத்தை என்பக்கம் திருப்பி வைத்து, அந்த இறுதி வரியின்மேல் விரலை ஊன்றினார். "அவனே ஒத்துக்கிட்டான், பாருங்க. இனி விசாரிக்க என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை என்றேன்.