மேலே பாடிய பெலிக்ஸ்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரீட்டாவின் அழைப்பு வந்தது. பெலிக்ஸின் மனைவி என்னை நேரடியாகக் கூப்பிடுவது அபூர்வம். “அண்ணா, அவரு எழுந்திரிக்கவே இல்ல” என்றாள். தூக்கத்திலேயே மாரடைப்பு. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. எங்கள் இசைக்குழுவில் மற்ற இருவரும் வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சுற்றிலும் அத்தனை பேர் காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் பெலிக்ஸைத் தெரியாது. கையில் கத்திரிக்காய்ப் பையோடுதான் சாந்தோமில் அவன் வீட்டுக்குப் போய் நின்றேன்.

உங்களில் பலருக்கு அவனைக் குரலாகத்தான் தெரியும். ‘நாலாவது மாடி’ என்ற எங்கள் குழு வெளியிட்ட ஒரே ஆல்பம் ‘லிஃப்ட் இல்லை’. கூச்சல் போடாத ராக் பாட்டுகள், இரண்டு கிதார், ஒரு கீபோர்டு, அடக்கி வாசித்த டிரம்ஸ். அதில் முன்னால் கேட்கும் குரல் பெலிக்ஸுடையது. தலைப்பும் அவன் வைத்ததுதான். அவன் குடியிருந்த நாலாவது மாடிக்கு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

தேனாம்பேட்டையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது நாங்கள் பழக்கமானோம். என் அம்மா கர்நாடக சங்கீத டீச்சர். பத்துப் பேர் பாடினாலும் பத்துப் பேரும் ஒரே ஸ்வரத்தில் சேர வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாட்டு. பெலிக்ஸ் சர்ச் பாடற்குழுவில் வளர்ந்தவன். அங்கே ஒருவர் மெட்டைப் பாடினால், இன்னொருவர் அதை ஒட்டியபடி கீழே வேறொரு வரியைப் பாடுவார். செகண்ட் வாய்ஸ் என்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிப் பார்த்தான். “மச்சி, நான் இன்னா பாடறேனோ அத நீ பாடாத. கீழ ஒண்ணு கீது பாரு, அத புடி.” எனக்குப் பிடிபடவேயில்லை. இரண்டு வரி தாண்டுவதற்குள் அவன் மெட்டுக்கே வழுக்கிப் போய்விடுவேன். கடைசியில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடிப் பழகினேன். அலுவலகத்தில் எனக்குக் காதுவலி என்றே நினைத்திருந்தார்கள்.

ஆல்பம் வந்ததும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவள் முகம் சுளித்தாள். “ஏண்டா ரகு, அந்தப் பிள்ளை அழகாப் பாடிண்டு போறான். நீ ஏன் ஸ்வரத்த விட்டுட்டு எங்கேயோ அலைஞ்சிண்டு இருக்கே?” எனக்கு மானம் போயிற்று. குழுவில் மற்ற இருவரும் சிரித்தார்கள், பெலிக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. “மாமி, அவன் கீழ புடிச்சிக்கினு இருக்கறதாலதான் நான் மேல நிக்கறேன்” என்றான். அம்மா நம்பவில்லை. ஆனாலும் அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை.

‘குடை உன்னிடமே இருக்கட்டும்’ என்ற பாட்டு எங்களைக் கேட்காமலேயே ஊரைச் சுற்றியது. கல்யாண வரவேற்புகளில் பாடினார்கள், ஷேர் ஆட்டோவில் கேட்டது. ஒருமுறை தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாங்கள் இருவரும் லிஃப்டில் ஏறினோம். உள்ளே எங்கள் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. ‘லிஃப்ட் இல்லை’ ஆல்பத்தை லிஃப்டுக்குள் போட்ட புண்ணியவான் யாரோ! பைகளோடு நெருக்கி நின்ற ஓர் அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பெலிக்ஸ் இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல், அவர் பாடி முடிக்கும்வரை மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தான். நானும் கூடவே போனேன்.

பிறகு வடபழனியில் ஒரு சினிமாப் பாட்டுக்கு அவனை மட்டும் அழைத்தார்கள். பாடிவிட்டு வெளியே வந்து எனக்குப் போன் செய்தான். “நல்லாத்தான் வந்துச்சு மச்சி. ஆனா கீழ யாருமே இல்ல. காலி வீட்டுல பேசற மாதிரி இருந்துச்சு.” அடுத்த வாய்ப்பை அவன் தேடிப் போகவில்லை. பிழைக்கத் தெரியாதவன் என்று நம்மில் சிலரே சொன்னோம். மற்ற இருவரும் வெளிநாடு போனபின் இரண்டாவது ஆல்பமும் வரவில்லை. நான் அடையாறில் தனிக்கட்டை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் போன் வரும். எனக்கு அந்த வாரத்தின் பேச்சே அதுதான். “மேல பாடறவன் தப்பு பண்ணா ஜனத்துக்குத் தெரியும். கீழ பாடறவன் தப்பு பண்ணா மேல இருக்கறவனுக்கு மட்டும்தான் தெரியும்” என்று அடிக்கடி சொல்வான். என் தப்புகளை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு சர்ச்சின் பங்கு மண்டபத்தில் கூடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே ரீட்டா கேட்டுக்கொண்டாள். “அந்தக் குடைப் பாட்ட ஒரு தடவ பாடுங்கண்ணா. ரெக்கார்டு போட வேணாம். அவரு குரல இப்ப என்னால கேக்க முடியாது.” இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன நண்பன்? கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் பாடிப் பார்த்தேன். ஊரே பாடும் மெட்டு எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் இரண்டாவது வரியிலேயே குரல் தானாகக் கீழே இறங்கிவிட்டது. காதை அடைத்துக்கொண்டும் பார்த்தேன். அடைப்பதற்கு வெளியே எந்தக் குரலும் இல்லை. அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

மண்டபத்தில் கிதாரோடு நின்றபோதும் அதேதான் நடந்தது. மேலே ஏற முயன்றேன், முடியவில்லை. பாதியில் நிறுத்தினால் ரீட்டாவுக்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்ததையே பாடினேன், கீழ்வரியை மட்டும், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. நீங்கள் எல்லோரும் மரியாதையாகக் கேட்டீர்கள். பாட்டை அடையாளம் கண்ட சாயல் ஒருவர் முகத்திலும் இல்லை. “புதுப் பாட்டா?” என்று முன்வரிசையில் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

கூட்டம் கலைந்தபின் ரீட்டா வந்தாள். “அவரு எங்கெங்க மூச்சு வாங்குவாரோ அங்கெல்லாம் நின்னு நின்னு பாடினீங்கண்ணா” என்றாள். நான் அப்படிச் செய்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று அது என்ன பாட்டு என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில். உங்களுக்கு மனப்பாடமான பாட்டேதான் அது. மெட்டு உங்களோடு இருக்கட்டும். அவன் மூச்சு வாங்கக் காத்து நிற்கும் இந்தக் கீழ்வரியை நான் வைத்துக்கொள்கிறேன்.