இரண்டு சாஃப்ட்வேருக்கு நடுவே அண்ணி

அண்ணன் மெட்டுப் போடுவார், தம்பி அதைச் செதுக்கி முடித்துக் கொடுப்பான். விளம்பரப் பாட்டு, பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு என்று வீட்டின் பின்னறையிலேயே பிழைப்பு ஓடியது. எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச். ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள். பாட்டுப் பதியும் சாஃப்ட்வேர் மட்டும் ஆளுக்கொன்று. நடுவில் மாட்டிக்கொண்டது அண்ணனின் மனைவி. வந்துபோகும் பாட்டுக்காரர்களுக்கும் அவள் அண்ணிதான்.

கல்யாணத்துக்கு முன் கோரஸ் பாடியவள். காது கூர்மை என்று பாட்டை ஒரு சாஃப்ட்வேரிலிருந்து மற்றதுக்கு ஏற்றும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். ஒன்றில் செய்தது மற்றதில் திறக்காது. வயலின் தனி, தாளம் தனி, குரல் தனி என்று பிரித்தெடுத்து, தம்பியின் கணினியில் மறுபடி அடுக்க வேண்டும். அண்ணன் ஒரு வரியை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

"அவனோடதுல எங்க பாத்தாலும் கட்டம். பாட்டு போடறானா, செஸ் ஆடறானா?" என்பார் கணவர்.

"அண்ணன் சாஃப்ட்வேர் திறக்கறதுக்குள்ள நான் குளிச்சிட்டே வந்துடலாம் அண்ணி" என்பான் தம்பி.

கீபோர்டுக்காரர் அண்ணன் கட்சி, டிரம்ஸ்காரர் தம்பி கட்சி. இரண்டு கட்சிக்கும் டீ போட்டது அவள்.

ஒரு சோப்பு விளம்பரம். மாற்றி மாற்றி ஏற்றி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. கடைசியில் கேட்டபோது குரல் தாளத்துக்குப் பின்னால் இழுத்தது.

"பாத்தியா, உன் சாஃப்ட்வேர் லட்சணத்த!" என்றார் அண்ணன்.

"உங்களோடதுலேருந்து வந்ததே அப்படித்தான்ணே!"

"சாஃப்ட்வேர் இல்லைங்க, நான்தான்" என்றாள் அவள். "கண்ணு சொக்கிடுச்சு. குரலைத் தள்ளி வெச்சுட்டேன்."

இருவர் காதிலும் அது ஏறவில்லை. சண்டை அதன்பாட்டுக்குப் போனது. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இனிமே நீங்களே ஏத்திக்குங்க. என்னால முடியல."

குரல் உயர்த்தவில்லை. அதனாலோ என்னவோ சண்டை அத்தோடு நின்றது.

சில நாள் கழித்து இருவரும் ஜோடியாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். முகத்தில் அப்படியொரு பெருமை.

"சண்டை முடிஞ்சுது" என்றார் கணவர். "ரெண்டையும் விட்டுட்டோம். மூணாவதா ஒண்ணு வாங்கியாச்சு. ரெண்டு பேருக்கும் பொது."

"எங்களுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்க முதல்ல கத்துக்கிட்டு சொல்லிக் குடுங்க அண்ணி" என்றான் தம்பி.

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் போய்ப் படுத்தாள்.

பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது.

"சேவ் பண்றது எங்கடா இருக்கு?"

"அதைத்தான் நானும் தேடறேன்ணே. எவன் செஞ்சான் இதை!"

"கண்ணு தெரியாதவன் செஞ்சிருப்பான்."

இருவரும் சேர்ந்து திட்டினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் நின்று பேசி அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். யாரோ "அண்ணி" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.