டெல்மர் தெற்கு என்றான்

டெல்மர் ஸ்கீபா படகு ரேடியோவில் ஒரே ஒரு தடவைதான் உண்மை பேசினான். 

என் பெயர் ஆகி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மிச்சிகன் ஏரியின் இந்தக் கரையில் எனக்கு இரண்டு படகும் ஒரு கொட்டகையும் இருக்கின்றன என்றால் அது எவன் தயவாலும் வந்ததில்லை. செப்டம்பர் கடைசியில் கிங் சால்மன் மீன் எங்கே நிற்கும் என்பது என் முழங்காலுக்கே தெரியும். அப்படிப்பட்ட நானே பொறாமைப்பட்ட ஆள் உண்டென்றால் அது டெல்மர்தான். வார்ப்பு ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவன். ஒல்லி உடம்பு. தனியாளாகப் பழைய படகில் போவான். கடுகுச் சாந்து தடவிய ரொட்டியும் புகையிட்ட இறைச்சியும்தான் எப்போதும் அவன் சாப்பாடு.

இலையுதிர் காலத்தில் முதிர்ந்த கிங் மீன் ஆற்று வாய்க்கு வந்து கூடும். உடம்பு கறுத்திருக்கும். ஆண் மீனுக்குத் தாடை கொக்கியாய் வளைந்துவிடும். அப்போது அது இரை எடுக்காது, கோபம் வந்தால்தான் கடிக்கும். ஈயக்குண்டைக் கட்டி மினுங்கும் தூண்டில் தகட்டை ஆழத்தில் இறக்கி, படகை மெதுவாக ஓட்டி, அதன் மூக்குக்கு முன்னால் திரும்பத் திரும்ப இழுத்து எரிச்சல் மூட்ட வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழம், இந்த இரண்டையும் எங்களில் எவனும் ரேடியோவில் சரியாகச் சொன்னதில்லை. சொன்னால் முப்பது படகு தலைமேல் வந்து ஏறும். அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்க மாட்டோம். வடக்கே பிடித்தால் தெற்கு என்போம். ஆழத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்வோம்.

டெல்மர் இதில் எல்லோருக்கும் அப்பன். மீன் கொட்டுகிறபோதுதான், எஞ்சின் படுத்துவிட்டது, கரைக்குப் போகிறேன் என்று அழாத குறையாகச் சொல்வான். சாயங்காலம் மீன் கழுவும் மேடையில் பார்த்தால் அவன் பெட்டி மூடாமல் பிதுங்கும்.

அன்றைக்கு விடியும்போதே மூடுபனி. துறைமுகத்து அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் எனக்கு முன்னால் போன டெல்மரின் பின்விளக்கு இடது கைப்பக்கம், தெற்கே திரும்பியது. நான் நேரே போனேன். என் படகில் நடீன் என்ற இந்தியானாக்காரி இருந்தாள். லாரி ஓட்டுகிறவள், காசு கொடுத்து என் படகில் மீன் பிடிக்க வருகிறவள். மூன்று வருஷமாக என்னோடு வந்தும் அவளுக்கு ஒரு கிங் மீன்கூட மாட்டவில்லை. அன்று மாட்டியது. நூல் சீறிக்கொண்டு ஓடியது. என் வாழ்நாளில் அப்படிப்பட்ட மீனை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த நேரத்தில் ரேடியோவில் டெல்மரின் குரல் வந்தது.

"தெற்க இருக்கேன். வெள்ளை மணல்மேட்டுக்கு நேரா. படகுல தண்ணி ஏறுது. யாராச்சும் வாங்க."

ரேடியோ முழுக்கச் சிரிப்பு. ரஸ் ஹாவ்லிக் என்பவன், "தெற்காம்ல, தெற்கு! கிழவனுக்கு வடக்க மீன் கொட்டுது. கிளம்புங்கடா" என்றான். மூடுபனிக்குள் ஒவ்வொரு எஞ்சினாக உறுமி வடக்கே திரும்புவது காதில் விழுந்தது. டெல்மர் வீட்டுச் சமையலறையிலும் ஒரு ரேடியோ உண்டு. "தெற்குன்னாரா, சரி, வடக்கதான் இருக்காருன்னு நானும் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று அவன் மனைவி ஐரீன் பின்னால் என்னிடம் சொன்னாள்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே அவன் பின்விளக்கு நினைவுக்கு வந்தது. தெற்கே திரும்பிய விளக்கு. டெல்மர் தெற்கே இருந்துகொண்டு தெற்கு என்கிறான்.  சாவு கண்ணுக்கு முன்னால் நின்றாலொழிய அந்த மனுஷன் அப்படிச் சொல்ல மாட்டான்.

கத்தியை எடுத்து நடீனின் நூலை அறுத்தேன்.

அவள் வெறும் தூண்டில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கேப்டன், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"டெல்மர் நெசத்தைச் சொல்றான்" என்றேன். அதையே ரேடியோவிலும் சொன்னேன். சிரிப்பு அப்படியே அறுந்தது.  பிறகு ஒவ்வொரு எஞ்சினாகத் திரும்பும் சத்தம் கேட்டது. ஆனால் அவர்கள் ரொம்ப தூரம் போயிருந்தார்கள்.

அந்த மூடுபனியில் மணல்மேட்டுக்கு நேராக முட்டாமல் மோதாமல் போய்ச்சேர இந்த ஏரியில் என்னைத் தவிர ஆள் கிடையாது. போனேன். படகின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. டெல்மர் மீன் பெட்டியைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்தான். முகம் மெழுகுபோல வெளுத்திருந்தது. நடீன் ஒரு கையாலேயே அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டாள்.

கம்பளியைச் சுற்றினோம். பின்பக்கம் ஏதோ குழாய் பிடுங்கிக்கொண்டதாம், பல் கிட்டியபடி சொன்னான். அப்புறம் அவன் கண் நடீனின் கழியில் தொங்கிய அறுந்த நூலில் போய் நின்றது.

"மீன் இருந்துச்சா, ஆகி?"

"இருந்துச்சு."

"எத்தனை அடில?"

செத்துப் பிழைத்தவனிடம் யாராவது பொய் சொல்வார்களா? என் வாய் தானாகச் சொன்னது: "அறுபது."

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டான். "அப்ப நாப்பத்தஞ்சு" என்றான்.

முப்பது வருஷமாக நான் பதினைந்து அடி கூட்டிச் சொல்வது என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.