பூவாத்தாளின் புருவம்

கிளாடிஸ் வரைந்த முகங்கள் எல்லாம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவை போலவே இருந்தன. மற்றவர்கள் கேலியாகச் சொல்வதற்கு முன்பே அவளே அதைச் சொல்லிக்கொள்வாள்.

போத்தனூரில், ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பதினாறு வருடமாகப் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் முறுக்கி, ஒரு நாளைக்கு இருபது முப்பது பேருக்குப் புருவம் எடுப்பாள். ஏறி இறங்கி வருவதைச் சமமாக்கி அனுப்புவதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை கரித்துண்டைப் பிடித்தாலும் அந்தக் கை அதையே செய்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இடது புருவம் எப்படி இருந்தாலும், தாளில் அது வலது புருவத்துக்குப் பொருத்தமான ஜோடியாகிவிடும்.

அவள் வரைய வந்ததற்குக் காரணம் ஒரு மணப்பெண்ணின் அம்மா. நாலு மணி நேரம் அலங்காரம் செய்து மகளை எழுப்பி நிறுத்தியபோது, அந்த அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அழகாத்தானுங்க இருக்குது. ஆனா எங்க புள்ளை மாதிரி இல்லையே" என்றார். கிளாடிஸ் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தினமும் முப்பது முகங்களைத் தொடுகிறேன்; ஒரு முகத்தை அந்த ஆளுடைய முகமாக வைத்திருப்பது எது?

அந்தக் கேள்வியோடு அவள் ஏறிய மாடி, ஓர் அச்சகத்தின் மேல்தளம். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். ஞாயிறு மதியம் பதினோரு பேர் கூடி, ஆளை எதிரே உட்கார வைத்து, கரியிலும் பென்சிலிலும் வரைவார்கள். ஆசிரியர் என்று யாரும் கிடையாது. பம்பு கம்பெனியில் மெஷின் படம் வரையும் பாலகோபால் சாவி வைத்திருப்பார், அவ்வளவுதான். போட்டோ பார்த்து வரையக்கூடாது. போனை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

வருடத்துக்கு ஒரு கண்காட்சி. அதில் படம் தொங்க வேண்டுமானால் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொருவரும் தனக்கென ஓர் ஆளைக் கூட்டிவந்து மூன்று ஞாயிறு உட்கார வைத்து வரைய வேண்டும். மூன்றாவது ஞாயிறு சரியாக ஐந்து மணிக்கு, உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வரிசையாக நாற்காலியில் அமர்வார்கள். பெயர் எழுதாத தாள்கள் மேசையில் கவிழ்த்து வைக்கப்படும். கீழே டீக்கடை வைத்திருக்கும் திருமலைசாமி மேலே வந்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து, அது யாருடையது என்று தோன்றுகிறதோ அவர் மடியில் வைப்பார். சரியான மடியில் விழுந்தால் சுவருக்குப் போகும். தவறினால் வரைந்தவரோடு வீட்டுக்குப் போகும்.

கிளாடிஸின் படம் இரண்டு முறை வீட்டுக்குப் போயிருக்கிறது. முதல் வருடம், அறுபது வயது ஆளை வரைந்திருந்தாள். திருமலைசாமி அதைக் கல்லூரிப் பெண் ஒருத்தியின் மடியில் வைத்தார். போன வருடம் அதைவிட மோசம். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையை இரண்டு தடவை சுற்றிவந்து, "ஏனுங்க, இவங்க இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கிளாடிஸும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டாள்.

இந்த வருடம் ஆளைத் தேடியே ஒரு மாதம் அலைந்தாள். கடைசியில் பூவாத்தாளைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள். சூலூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்து விவசாயம் செய்பவர். ஞாயிறுதோறும் போத்தனூரில் இருக்கும் தங்கையைப் பார்க்க வருபவர். அறுபத்து மூன்று வயது. நரைத்த அடர்ந்த கூந்தல். நூல் என்ற ஒன்று படாமலே வளர்ந்து, கண்ணுக்கு மேல் புதர்போல் நின்ற புருவங்கள்.

"ஏனுங்கம்மா, உங்களை வரையட்டுங்களா?"

பூவாத்தாள் ஓர் அடி பின்னால் போனார். "மாலை போட்டு மாட்டற படமுங்களா கண்ணு? நான் இன்னும் நல்லாத்தானுங்க இருக்கறேன்."

விளக்கிச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதற்குள் இரண்டு பேருந்துகள் போய்விட்டன.

முதல் இரண்டு ஞாயிறும் வேலை அருமையாக நடந்தது. கரியைப் படுக்க வைத்து இழுத்துக் கூந்தலின் நிழலைப் போட்டு, பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுத்து நரையைக் கொண்டுவந்தாள். ஜன்னல் வெளிச்சம் விழும் கன்னம் தாளில் உருண்டு திரும்பியது. பாலகோபால் பின்னால் வந்து நின்று, "செவுத்துல குத்தறதுக்குக் குண்டூசி எடுத்து வெச்சுக்கலாங்க போலிருக்குதே" என்றார். கிளாடிஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் தாளைத் தூர வைத்துப் பார்க்கும்போது ஏதோ ஒன்று உறுத்தியது. எல்லா அளவும் சரி. ஆனால் பூவாத்தாளின் அக்காவோ தங்கையோ போல இருந்ததே தவிர, பூவாத்தாளாக இல்லை. மூன்றாவது ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு மணி இரண்டுக்குப் பூவாத்தாள் படியேறி வந்தார். கிளாடிஸின் கையிலிருந்த கரி கீழே விழுந்து இரண்டானது.

கூந்தல் அட்டைக் கறுப்பாக மின்னியது. புருவங்கள் இரண்டும் வில்லாக, ஒல்லியாக வளைந்திருந்தன.

"நல்லா இருக்குதுங்களா கண்ணு?"

"என்னங்கம்மா இது?"

"என்ற மருமவ சொல்லிப்போட்டா, செவுத்துல மாட்டுவாங்க, ஊரே வந்து பாக்கும்னு. நரைச்ச தலையோட எப்படிங்க உக்கார்றது? அதான் நேத்து சாயங்காலம் வந்து எல்லாம் செஞ்சுபோட்டேன்."

"எங்க செஞ்சீங்க?"

"இதென்ன கேள்வி? உங்க கடையிலதானுங்க! நீங்க தாள் வாங்க டவுனுக்குப் போயிருந்தீங்களாமா. அந்த அஃப்ஷீன் பொண்ணுக்கு நல்ல கை. நீங்க பார்த்ததும் அசந்து போகோணும், சொல்லீராத அம்மணின்னு நான்தான் சொன்னேன்."

கிளாடிஸ் கூடையில் போட்ட போனை மறுபடி எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். அஃப்ஷீன் பார்லரில் அவளுடைய சம பங்குக் கூட்டாளி, பத்து வருடத் தோழி.

"அஃப்ஷீன், பூவாத்தாம்மாவுக்குப் புருவம் எடுத்தியா?"

"எப்படி இருக்குது? காடுடீ அது! ரெண்டு தடவை நூலே அறுந்துபோச்சு. ஆனா ரெண்டும் ஒரே அளவு. வேணும்னா ஸ்கேல் வெச்சுப் பாரு."

"நீ நல்லா இருப்படீ" என்று சொல்லிப் போனை வைத்தாள் கிளாடிஸ்.

மூன்று மணி நேரம்தான் இருந்தது. பழைய தாளில் இருப்பது நரைத்த தலை. நாற்காலியில் இருக்கப்போவது கறுத்த தலை. திருமலைசாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஊரைச் சுற்றுவார். அழித்துத் திருத்தவும் முடியாது. இரண்டு வாரமாகத் தேய்த்த கரி தாளின் சொரசொரப்புக்குள் இறங்கிவிட்டிருந்தது. மேலே எது போட்டாலும் சேறாகும். நேற்று வாங்கிய புதுத் தாள் ஒன்று பையில் இருந்தது. பழையதைக் கழற்றிவிட்டு அதைப் பலகையில் பொருத்தினாள்.

கால்மணி நேரம் ஒரு கோடும் போடவில்லை. பார்த்தாள். மூன்றாவது வாரமாகப் பார்க்கும் முகம். ஆனால் மூடியிருந்த புதர் போய், நெற்றிக்கும் கண்ணுக்கும் நடுவே எலும்பு வெளியே வந்திருந்தது.

"மூக்கு அரிக்குதுங்க" என்றார் பூவாத்தாள்.

"அரிக்கட்டுங்க."

"சொறிஞ்சுக்கிட்டா என்னவாமா?"

"அசையாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அளவு பார்ப்பதற்குப் பார்லர் நூல்தான் அவள் எப்போதும் வைத்திருப்பது. இரண்டு கைகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, நூலைப் புருவங்களுக்கு நேராகக் கொண்டுவந்தாள். இடது புருவம் நூலில் உட்கார்ந்தது. வலது புருவம் நூலுக்கு மேலே நின்றது. நூல்தான் சாய்ந்திருக்கிறது என்று நினைத்து, ஜன்னல் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். மேலேதான் நின்றது.

எழுந்து போய், "தொட்டுப் பாக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டு, இரண்டு கட்டை விரலையும் புருவ எலும்பில் வைத்தாள். அஃப்ஷீன் சொன்னது உண்மை. இரண்டு புருவமும் ஒரே தடிமன், ஒரே வளைவு. எலும்புதான் வலது பக்கம் ஒரு தினை அளவு உயர்ந்திருந்தது. அதனால் வலது கண் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தது. வாயின் அந்தப் பக்க ஓரம் லேசாக மேலே இழுபட்டிருந்தது. எதைச் சொன்னாலும் "அப்படியா? நிசமாலுமா?" என்று கேட்கப்போகிற முகம். பேருந்து நிறுத்தத்தில் ஓர் அடி பின்னால் போன முகமும் அதுதான்.

இரண்டு வாரமும் அவள் கை அந்த ஒரு தினையை அவளைக் கேட்காமலே சரிசெய்து வந்திருந்தது.

கிளாடிஸ் இடத்துக்கு ஓடிவந்து கரியை எடுத்தாள். முதலில் கூந்தலின் கறுப்பை ஒரே பரப்பாக இழுத்தாள்; சாயம் போட்ட தலையில் நுணுக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லை. நெற்றி வெள்ளையாக எழுந்து வந்தது. புருவ எலும்பின் நிழலை, வலது பக்கம் மேலே, இடது பக்கம் கீழே, வைத்தாள். வலது புருவத்தை வரையும்போது கை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. நிறுத்தினாள். நூலைப் பிடித்தாள். மேலே வைத்தாள். கண்ணிமை அதன் பின்னாலேயே வந்தது, வாயோரம் வந்தது. முகம் அவளைப் பார்த்து ஏதோ கேட்கத் தொடங்கியது. பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது அவளுக்குத் தெரியவில்லை. ரப்பரை ஊசிமுனையாக உருட்டி, கண்ணில் வெளிச்சப் புள்ளியை எடுத்தபோது மணி நாலே முக்கால்.

இந்த வருடம் சோதனைக்குத் துணிந்தவர்கள் ஆறு பேர்தான். ஐந்து மணிக்கு ஆறு நாற்காலிகளில் அவர்கள் கூட்டிவந்த ஆறு பேர். மேசையில் ஆறு தாள்கள் கவிழ்ந்து கிடந்தன. திருமலைசாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். முதல் தாள் சரியான மடியில் விழுந்தது. இரண்டாவது தவறியது. அதை வரைந்த ரவிதேஜா, "போச்சு, எங்க மாமனாரைக் கொண்டுபோய் வாட்ச்மேன் மடியில வெச்சுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாவது தாளுக்குக் கை போனதும் கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. எங்கும் நின்று தயங்காமல் நேராகப் போய் நின்றது.

"ஏனுங்க, இதென்னங்க, ஒரு புருவம் மேல போயிருக்குது?" என்ற பூவாத்தாளின் குரல் கேட்டது. அறை முழுக்கச் சிரித்தது.

கிளாடிஸ் கண்ணைத் திறந்தாள். தாள் பூவாத்தாளின் மடியில் இருந்தது. பூவாத்தாள் அதைப் பார்த்து வலது புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாம் நான் எதுக்குங்க அம்மணி?" என்றார் திருமலைசாமி. "தாளைத் திருப்புனதுமே, 'டீயில சக்கரை போட்டியா இல்லியா'ன்னு கேட்டுப்போட்டாங்க தாள்ல இருக்கற இவங்க."

பாலகோபால் குண்டூசி டப்பாவை எடுத்தார்.

"இருங்க, இருங்க!" என்று கத்தினாள் கிளாடிஸ். "நான் பார்க்கலீங்க."

"என்னத்தைப் பார்க்கலீங்க?"

"நீங்க வெச்சதை. கண்ணை மூடிக்கிட்டேன். இன்னொருக்கா வைங்க."

திருமலைசாமி பாலகோபாலைப் பார்த்தார். பாலகோபால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வைங்க, வைங்க. மூணு வருசமாச்சு" என்றார்.

திருமலைசாமி தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி வந்தார். அதைக் கவிழ்த்து வைத்தார். கையை இன்னொரு தடவை துண்டில் துடைத்தார். பிறகு, எதுவும் தெரியாதவர்போல மெதுவாகத் தாளைத் திருப்பி, முதல் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கிளாடிஸ் கரிபட்ட கைகளை நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் நின்றாள்.