பல்லுக்கு ஒரு கேமரா

என் அக்கா செயற்கைப் பல் செய்கிறவள். செய்த பல்லைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்ப ஒரு கேமரா வேண்டுமென்று என்னையும் கடைக்கு இழுத்துப் போனாள்.

விற்பனையாளர் மெகாபிக்சல், ஜூம் என்று அளந்துகொண்டே போனார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். மனிதர் ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, நான் செஞ்சதுதான். இதை ரொம்பக் கிட்டப் போய் எடுத்துக் காட்டுங்க."

முதல் கேமராவில் பல் கலங்கலாகத் தெரிந்தது. இரண்டாவதில் முத்துப்போல் மின்னியது. மூன்றாவதில், பல்லின் ஓரமாக மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா மட்டும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இதுக்கே பில் போடுங்க."

"ரெண்டாவதுலதானே மேடம் பல்லு அழகா இருந்துச்சு?"

"இருந்துச்சு. நாளைக்கு இதை வச்சுக் கடிக்கப்போறது ஒரு பெரியவருங்க."

நானாக இருந்தால் இரண்டாவதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். அக்கா வீட்டுக்கு வந்ததும் பழைய பல்லைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுப் பல்லுக்கு அச்செடுக்க உட்கார்ந்தாள். அதற்கு முன்பே டாக்டருக்கு ஒரு படம் போய்விட்டிருந்தது. புதுக் கேமராவில் அவள் எடுத்து அனுப்பிய முதல் படம், அந்த விரிசல்தான்.