தாடைக்கட்டு

பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தவரைப் பார்த்தால் முதலில் என்ன செய்வீர்கள்? மல்லாக்கப் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுப்பேன் என்கிறீர்களா? தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்.

நான் நர்சிங் முடித்து ஆம்புலன்சில் சேர்ந்த புதிது. பயிற்சியில் நெஞ்சுவலிக்கும் பிரசவத்துக்கும் நாள்கணக்கில் வகுப்பு. முகக்காயத்துக்கு ஒரே ஒரு மத்தியானம், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். பாதிப்பேர் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. கெத்துக்காகச் சொல்லவில்லை, என் தலைக்கு மேலே ஃபேன் ஓடவில்லை.

குமாரபாளையம் பைபாஸில் நாய் குறுக்கே வந்ததால் பைக்கிலிருந்து விழுந்தவர் ஒரு தறிக்காரர். நாங்கள் போனபோது அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையைத் துண்டால் இறுக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். செத்தவர்களுக்குப் போடும் அதே கட்டு. ஓடிவந்த மனைவி அதைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஆள் உயிரோடுதான் இருந்தார். வாய் நிறைய ரத்தம், துப்ப வழியில்லை, கண் பிதுங்கிக்கொண்டிருந்தது.

கத்தரியால் கட்டை வெட்டினேன்.

"ஏனுங்க, யாருங்க இதக் கட்டுனது?"

"நாந்தானுங்க சாமி," என்றார் அவருடைய மாமனார். "தாடை தொங்குச்சுங்க. கழண்டு உழுந்துருமோன்னு..."

"தாடை எங்கயும் போவாதுங்க. மூச்சுதான் போயிரும்."

கழுத்தில் வலியில்லை, கைகால் அசைகிறது என்று பார்த்துக்கொண்டு அவரை உட்காரவைத்து முன்னால் சாய்த்தேன். கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "அடிபட்டவன உக்கார வெக்கறான் பாரு! படிச்ச பையனாமா!"

எங்கள் டிரைவர் திரும்பினார். "அப்ப நீங்களே வண்டியில ஏறிக்கறீங்களா? நாங்க ஊட்டுக்குப் போறோம்."

வாயில் தேங்கியிருந்த ரத்தம் வெளியே கொட்டியது. மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். அவர் இழுத்து விட்ட மூச்சு, சத்தியமாக, ரோட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மனைவியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அழுகை பட்டென்று நின்றது.

"ஹெல்மெட்டு போடச் சொன்னா கேட்டாத்தான!"

திட்டு ஆஸ்பத்திரி வாசல்வரை நிற்கவில்லை. அவர் குனிந்தபடியே, மூச்சு விட்டபடியே கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு பிடித்திருந்தது.

இப்போது அவர் தாடையில் இரண்டு பிளேட் இருக்கிறது. பகல் ஷிப்டில் தறி ஓட்டுகிறார்.